தவிட்டுக்கு வாங்காத பிள்ளை

15 ஜூன் 2003, ஞாயிறு

இன்று மாலை ஜெபமாலைக்கு இருந்தவர்கள்: அவர்கள் (என் வீட்டுக்காரர் யாகப்பன்), அவர்களுடைய அக்கா திரேஸ் மைனி, மகள் ஸ்டெனிலா, நான். ஆக நான்கு பேர். மைனியின் வீட்டுக்காரர் வாசலில் ஸ்கூட்டர்மேலேயே உட்கார்ந்து பேப்பர் வாசித்தார், உள்ளே வரவில்லை, ஆகையால் சேர்க்கவில்லை. பேசியதை யாரும் பின்னால் மாற்றிச் சொல்லக் கூடாது என்றுதான் பெயர் போட்டு எழுதி வைக்கிறேன்.

ஜெபம் முடிந்து முறுக்குத் தட்டை வைத்தேன். வியாழக்கிழமை வந்த தபாலை அவர்கள் எடுத்து அக்காவிடம் காட்டினார்கள். ஸ்டெனிக்குச் சென்னையில் பல் மருத்துவக் கல்லூரியில் நேர்காணல். ஜூலை 7, திங்கட்கிழமை. மைனி அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தன் பையைத் திறந்து இன்னொரு கடிதத்தை எடுத்து மேலே வைத்தார்கள். வியாகுலபுரம் மாதா கோயிலை ஒட்டிய முடங்கினோர் இல்லத்திலிருந்து. ஒரு வருஷச் சேவைக்கு ஸ்டெனிலாவைச் சேர்த்துக்கொள்கிறார்களாம். அதுவும் ஜூலை 7.

"யாரைக் கேட்டு எழுதிப் போட்டீய மைனி?" என்றேன்.

"அவளையே கேளு. அவதான் கையெழுத்துப் போட்டா."

ஸ்டெனி தரையைப் பார்த்தாள். போன மாதம் அவள் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வராந்தாவில் வைத்து, அத்தை பேனாவை நீட்டினார்களாம். போட்டாளாம்.

"மாதாவுக்குக் குடுத்த பிள்ளை செலின் இது. குடுத்துட்டு நீ அள்ளிக்கிட்டு வந்துட்ட. இவ்வளவு வருஷம் அவ பொறுத்தா. இப்ப எந்தம்பி நெஞ்சுல கைய வச்சிட்டா" என்றார்கள் மைனி.

என் வீட்டுக்காரர் நெஞ்சைத் தடவிக்கொண்டார்கள். மைனி முறுக்கை எடுத்துக் கடித்தார்கள். எனக்கு இடப்பக்கம் மட்டும்தான் கடைவாய்ப் பல் உண்டு. நான் முறுக்கு தின்பதில்லை.

16 ஜூன், திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அப்போது ஸ்டெனிக்கு எட்டு மாதம். வலிப்பு வந்து, ஆஸ்பத்திரியில் வைத்திருந்தும் தேறவில்லை. நாலு நாளாகச் சத்தமே இல்லை. நோயான பிள்ளையை மாதாவுக்கு விற்று வாங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். தாய் பிள்ளையைப் பீடத்துப் படியில் கிடத்தி, "இனி இது உன் பிள்ளை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்துவிட வேண்டும். பிறகு சொந்தத்தில் ஒருத்தி ஒரு படி தவிட்டை அந்தப் படியில் கொட்டி, "தவிட்டுக்கு வாங்கிட்டேன்" என்று தூக்கி வந்து தாயிடம் தர வேண்டும். அப்படி வாங்கிய பிள்ளையிடம் நோய்க்கு உரிமை கிடையாது.

வாங்க வேண்டியவர்கள் திரேஸ் மைனி. தவிட்டுப் பை அவர்கள் கையில்தான் இருந்தது.

வியாகுலபுரம் கோயிலில் நான் கிடத்தினேன், சொன்னேன், வெளியே வந்தேன். கல்லின் குளிர்ச்சி முதுகில் பட்டதும் உள்ளே பிள்ளை வீறிட்டுக் கத்தினாள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நான் ஓடிப்போய் அள்ளிக்கொண்டேன். மைனி பையோடு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அப்படியே பஸ் ஏறிவிட்டோம். வீட்டுக்கு வந்து பால் கொடுத்த பிறகுதான் தவிடு ஞாபகம் வந்தது.

"விடு செலின், பிள்ள பொழச்சிட்டால்லா. பெறவு பாத்துக்கிடலாம்" என்றது மைனிதான். அந்தத் தவிட்டைக் கோழிக்குப் போட்டோம்.

பிறகு பார்க்கவில்லை. சந்தோஷத்தில் விட்டுப் போனது. இதில் யாரையும் ஏமாற்றவில்லை.

17 ஜூன், செவ்வாய்

புளி கொட்டை எடுத்து உப்புப் போட்டு அடைத்தேன். அவர்களுக்கு மாத்திரை வாங்கியாயிற்று. அந்தோணியார் கோயிலுக்குப் போய் வந்தேன். ஸ்டெனி மத்தியானம் சாப்பிடவில்லை, ராத்திரி ஒரு தோசை.

19 ஜூன், வியாழன்

ஸ்டெனி தேங்காய் துருவினாள். நான் இறால் உரித்தேன். கை வேலையாக இருக்கும்போதுதான் எங்கள் வீட்டில் பேச்சு வரும்.

"நான் இல்லத்துக்கே போயிருதேம்மா."

"ஒனக்குப் பல் டாக்டரு ஆவணுமா, வேண்டாமா?"

"ஆவணும்."

"பெறவென்ன?"

"அப்பாவுக்கு ஏதாவது ஆயிட்டுன்னா, நான் அங்க ஒருத்தன் பல்லப் புடுங்கிக்கிட்டு நிக்க முடியுமா?"

சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. பிறகு அழுதாள். அடுத்த வருஷம் நேர்காணலுக்குக் கூப்பிட மாட்டார்கள். நுழைவுத் தேர்வை முதலிலிருந்து எழுத வேண்டும். அவளுக்கு அது தெரியும். இந்தத் தேர்வுக்கு அவள் ராத்திரி ராத்திரியாக மனப்பாடம் செய்ததையெல்லாம் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒப்புவிக்கக் கேட்டவள் நான். எட்டாவதோடு நின்றவள், அவள் பாடத்தோடு சேர்ந்து பன்னிரண்டாவது வரை வந்துவிட்டேன். பரீட்சை மட்டும் எழுதவில்லை.

"பயமா இருக்கும்மா" என்றாள். படிக்க ஆசையில்லை என்று சொன்னால் நான் வாதாடுவேன். பயத்தோடு எப்படி வாதாடுவது?

அதனால் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். தவிடுதானே.

21 ஜூன், சனி

மாட்டுத்தீவனக் கடையில் ஒரு படி தவிடு கேட்டேன். "எத்தன மாடும்மா?" என்றார் கடைக்காரர். "ஒரு பிள்ள" என்றேன். ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அளந்து போட்டார்.

22 ஜூன், ஞாயிறு

வியாகுலபுரம் போனவர்கள்: நான், ஸ்டெனி, திரேஸ் மைனி. வாங்க வேண்டியவர்கள் இல்லாமல் வழக்கம் நடக்காது என்பதால் மைனியை நானே போய்க் கூப்பிட்டேன். எதற்கென்று சொல்லவில்லை. பூசைக்கு என்றேன். பூசையும் கண்டோம், அது பொய்யில்லை.

பூசை முடிந்து கூட்டம் போனதும் பையைத் திறந்து மைனி கையில் கொடுத்தேன். "மைனி, வாங்கித் தாங்க."

மைனிக்கு முகம் கறுத்துவிட்டது. "நீ என்ன, மாதாவ ஏமாத்தப் பாக்கியா?"

"விட்டுப் போனத செய்யச் சொல்லுதேன். ஒங்க கையால விட்டுப் போனதுதான்."

சத்தம் கேட்டுப் பங்குச்சாமி வந்தார். இளவயசு. போன மாதம்தான் இந்தப் பங்குக்கு வந்தவராம். விஷயத்தைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இதெல்லாம் திருச்சபையில கிடையாதும்மா. மாதா பிள்ளைங்கள வாங்கி விக்கிற வியாபாரம் எதுவும் பண்ணல."

"அப்போ நான் வித்தது செல்லாதா சாமி?"

"விக்கவே இல்லம்மா. பிள்ளை ஒங்க பிள்ளை."

"கேட்டீயளா மைனி?" என்றேன். "விக்கலேன்னா எம்பிள்ள. வித்திருந்தா வாங்கித் தாங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"நேத்து வந்த சாமிக்கு என்ன தெரியும்?" என்று அவர் முகத்துக்கு நேரேயே சொன்னார்கள் மைனி. சாமி மெதுவாக உள்ளே போய்விட்டார்.

தவிட்டுப் பையை என் மடியில் வைத்துவிட்டு மைனி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். "ஒரு வருஷம் இருக்கட்டும். பெறவு வாங்குதேன். ஒரு வருஷம் இருந்தா அவளுக்கே வர மனசு வராது. எனக்கு வரல. ரெண்டு வருஷம் கன்னியாஸ்திரி மடத்துல இருந்தேன். எங்கப்பா வந்து, மாப்பிள்ள பாத்தாச்சு எந்திரின்னாரு. எந்திரிச்சி வந்துட்டேன். ஒரு வார்த்த பேசல நான்."

நான் கல்யாணமாகி வந்து இத்தனை வருஷத்தில் இதை அவர்கள் வாயால் கேட்டதில்லை. ஸ்டெனி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடித்த விதத்தைப் பார்த்தேன். இரக்கப்பட்டே போய்விடுவாள் போல.

இல்லத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார்கள் மைனி. பொறுப்பாக இருப்பவர் சிஸ்டர் பெனித்தா. பேச்சு கொஞ்சம், நடை வேகம். கட்டில் கட்டிலாக ஆட்கள். மிக்கேலம்மாள் என்று ஒருவர், கை வாய்வரைக்கும் வராது, பாதியில் நின்றுவிடும். கஞ்சி ஆறிப்போய் இருந்தது. சும்மா நிற்பதற்கு ஊட்டிவிட்டேன். அவர் வலப்பக்கம் ஒதுக்கி மென்றார், என்னைப்போல ஒரு பக்கம் பல் போனவர் போலிருக்கிறது. பிறகு அடுத்த கட்டில். பிறகு, அங்கே வேலைசெய்யும் பெண்கள் போர்வை மடித்துக்கொண்டிருந்தார்கள், மூலையை மூலையோடு சேர்க்காமல் மடித்தார்கள், அதைக் காட்டிக் கொடுத்தேன்.

கொஞ்ச நேரம்தான் இருந்தோம். மூன்று மணிநேரம் என்று ஸ்டெனி பஸ்ஸில் சொன்னாள். இருக்காது.

23 ஜூன், திங்கள்

தவிடு அரிசிப்பானைக்குப் பக்கத்தில் இருக்கிறது. யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

26 ஜூன், வியாழன்

ரயிலுக்கு முன்பதிவு செய்யச் சொன்னேன். அவர்கள் மின்சார வாரியத்தில் இருக்கிறார்கள், ஸ்டேஷன் பக்கம்தான் ஆபீஸ். மூன்று நாளாக "மறந்துட்டேன்".

"மறந்தீயளா, அக்கா மறக்கச் சொன்னாங்களா?"

"ஏளா, ரெண்டுமே வேண்டாம்னு வச்சா என்ன? பிள்ள வீட்டுல இருக்கட்டும். ஒரு சண்டையும் இல்ல பாரு."

நல்ல மனிதர். எந்தக் கேள்விக்கும் யாருக்கும் வலிக்காத பதிலாகத் தேடுவார்கள். அப்படிப்பட்ட பதில் எப்போதும் பிள்ளைக்குத்தான் வலிக்கும். இதை அவர்களிடமே சொன்னேன். சாயங்காலம் டிக்கெட்டோடு வந்தார்கள்.

டிக்கெட் வந்தும் ஸ்டெனி முகம் தெளியவில்லை. பெட்டியை எடுத்து வைக்கவும் இல்லை. அப்பா இருமினால் எழுந்து போய்ப் பார்க்கிறாள்.

28 ஜூன், சனி

வேளாங்கண்ணி மாதா படத்துக்கு முன்னால் வெகுநேரம் இருந்தேன். அம்மா, உனக்கும் எனக்கும் இடையில் நடந்த பேச்சு இது. "இனி இது உன் பிள்ளை" என்று சொன்னது என் வாய். அந்தப் பிள்ளைக்கு அப்போது பேச்சே வராது. நான் வாங்கின கடனைப் பிள்ளை தலையில் கட்டுவதற்கு நீ சம்மதிக்க மாட்டாய். நீயும் ஒருவனைப் பெற்றவள்.

இப்படிச் சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன். பணிவாகச் சொல்லவில்லை. ஆனால் பயந்தும் சொல்லவில்லை.

சாப்பாட்டு வேளையில் சொன்னேன். இருந்தவர்கள் மூன்று பேர்.

"ஏழாந்தேதி ஸ்டெனி சென்னைக்குப் போறா. இல்லத்துக்கு நான் போறேன். ஒரு வருஷம்."

அவர்கள் கையில் இருந்த உருண்டை தட்டில் விழுந்தது. "ஒனக்குக் கிறுக்கா? எனக்கு யாரு சோறு பொங்குவா?"

"பத்து வருஷமா குக்கர் இருக்கு. அதுக்கே பொங்கத் தெரியும். நீங்க அரிசியும் தண்ணியும் மட்டும் போடுங்க."

"நாப்பத்தி ரெண்டு வயசுல சேவைக்குப் போறாளாம்! ஊர் என்ன சொல்லும்? புருசனோட சண்டன்னு சொல்லும்."

"கேட்டா, மாதாவுக்குக் கடன் அடைக்கப் போயிருக்கான்னு சொல்லுங்க. அது நெசம்தான?"

ஸ்டெனி என்னையே பார்த்தாள். பிறகு, சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் எழுந்து போய் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டு வந்தாள். பத்து நாளுக்குப் பிறகு இரண்டாவது தடவை சோறு.

எனக்கு அங்கே போக ஆசை என்று யாரும் நினைக்க வேண்டாம். கடன், அவ்வளவுதான்.

1 ஜூலை, செவ்வாய்

திரேஸ் மைனி வந்தார்கள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்கள்.

"எந்தம்பி நெஞ்சுவலிக்காரன். அவன அநாதையா விட்டுட்டுப் போறியாமே?"

"அநாதையா ஏன் விடணும்? அக்கா ரெண்டு தெரு தள்ளித்தான இருக்கீய. ஒரு நேரம் நீங்க பொங்கிக் குடுங்க. சேவை வீட்டுலயும் செய்யலாம்லா மைனி?"

தண்ணீர் கொடுத்தேன், குடித்தார்கள். போகும்போது வாசலில் நின்று சொன்னார்கள்: "எனக்குத் தெரியும் செலின். அன்னைக்கு நீ கஞ்சி ஊட்டுனத பாத்தேன். ஒனக்கு வீட்ட விட்டுப் போவ ஒரு சாக்கு."

இதற்குப் பதில் எழுத இந்தப் பக்கத்தில் இடம் போதாது. பாதிப் பக்கம் மிச்சம் இருக்கிறது, இருந்தாலும் போதாது.

3 ஜூலை, வியாழன்

அவர்களுக்குப் பாடம்: அரிசி கழுவுவது, குக்கர் விசில், ரசம். ரசத்தில் புளியைக் கரைக்காமல் உருண்டையாகவே போட்டுவிட்டார்கள். "கொதிச்சா கரையும்லா?" என்று என்னையே கேட்கிறார்கள். மளிகை எது எந்த டப்பாவில் என்று சீட்டு ஒட்டினேன். மாத்திரை காலை, ராத்திரி பிரித்து வைத்தேன். வண்ணாத்திக்குப் போட்ட துணி வந்தது, ஒரு தலையணை உறை குறைகிறது, கேட்க வேண்டும்.

எனக்கு நாலு பருத்திச் சேலை, கண்ணாடி, ஜெபமாலை, இந்த டைரி. பை நிரம்பவே இல்லை.

5 ஜூலை, சனி

ஸ்டேஷனில்: ஸ்டெனி, அவளுக்குத் துணையாகச் சென்னைக்குப் போகிற அவர்கள், நான். மைனி வரவில்லை. ஆனால் வழிக்கு எலுமிச்சம்பழச் சோறு கட்டி, வீட்டுக்காரரிடம் ஸ்கூட்டரில் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அவர் வழக்கம்போல இறங்கவில்லை.

"ஒங்களுக்குப் பயமா இல்லையாம்மா?" என்றாள் ஸ்டெனி.

"எதுக்குப் பயம்? நான் என்ன பரீட்சையா எழுதப் போறேன்?"

"அவங்க உங்கள சேக்க மாட்டோம்னு சொல்லிட்டா?"

"அது எனக்கும் அவங்களுக்கும். நீ அத தூக்கிட்டு ரயிலேறாத. நீ ஒண்ணும் யாருக்கும் பாக்கி கிடையாது. கேட்டியா? ஒண்ணும்."

நெற்றியில் சிலுவை போட்டேன். அவள் என் கையை எடுத்து இன்னொரு தடவை போட வைத்தாள். சின்னதில் காய்ச்சலுக்கு அப்படித்தான் கேட்பாள். ரயில் நகர்ந்தபோது சிரித்தாள். பல் வரிசை எனக்குத் தெரிகிற மாதிரி நன்றாகவே சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து வாசலைக் கழுவினேன். ஏற்கனவே கழுவியதுதான்.

7 ஜூலை, திங்கள்

முதல் பஸ்ஸில் வியாகுலபுரம். ஒரு கையில் துணிப்பை, ஒரு கையில் தவிடு. முதலில் கோயிலுக்குப் போய்ப் படியில் தவிட்டைக் கொட்டினேன். "வாங்குறதுக்கு ஆள் கொண்டுவரல. இது அடையாளத்துக்கு. மீதிய வேலையில தருவேன்" என்று மாதாவிடம் சொன்னேன். கோயில் கூட்டுகிற அக்கா துடைப்பத்தோடு முறைத்தார். நானே கூட்டி அள்ளிவிட்டேன்.

சிஸ்டர் பெனித்தா என்னைப் பார்த்ததும் எனக்குப் பின்னால் பார்த்தார். "பொண்ணு எங்கம்மா?"

"பொண்ணு இன்டர்வியூவில இருக்கா. நான்தான் வந்திருக்கேன்."

"எங்ககிட்ட ஸ்டெனிலான்னுதான பேரு வந்திருக்கு?"

"அத அடிச்சிட்டு செலின்னு போடுங்க சிஸ்டர்."

"முப்பது வயசுக்குள்ள இருக்கணும்மா. கல்யாணம் ஆகாதவங்கதான். அது எங்க தலைமை மதர் போட்ட ரூல். நான் மாத்த முடியாது."

"முப்பது வயசுக்குள்ள இருக்கிறவ எத்தன பேரு சிஸ்டர் இன்னைக்கு வந்திருக்காங்க?"

முற்றத்தில் யாரும் இல்லை. உள்ளே யாரோ தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டார்கள். சிஸ்டர் திரும்புவதற்குள் நான் பையைத் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

சாயங்காலம் சிஸ்டர் சொன்னார்: "மதுரையில மதருக்கு எழுதுங்க. பதில் வர்றவரைக்கும் விருந்தாளியா இருந்துக்கங்க."

விருந்தாளி என்றால் நான் சமையலறைப் பக்கம் போகக் கூடாதாம். அந்த ஒரு ரூலை மட்டும் மீறினேன்.

8 ஜூலை, செவ்வாய்

மத்தியானம் ஸ்டெனி போன். ஊர் வந்து சேர்ந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பட்டியல் போடுவார்களாம். மூன்று பேர் உட்கார்ந்து கேள்வி கேட்டார்களாம்.

"ஏன் பல் மருத்துவம்னு கேட்டாங்கம்மா. எல்லாரும் சேவை செய்யணும்னு சொன்னாங்க போல, அவங்களுக்கே அலுத்துப் போயிருந்தது."

"நீ என்ன சொன்ன?"

"எங்கம்மா எனக்குத் தெரிஞ்ச நாள்லேருந்து ஒரு பக்கமாத்தான் மெல்லுவாங்க, முறுக்கு சுட்டு எல்லாருக்கும் குடுத்துட்டு தான் மட்டும் தின்ன மாட்டாங்கன்னு சொன்னேன்."

நான் யாரிடமும் சொன்னதில்லை. முறுக்குத் தட்டை எல்லோருக்கும் நீட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன், அவ்வளவுதான். இந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"அப்பா எப்படி இருக்காங்க?" என்றேன்.

"நல்லா இருக்காங்க. அத்தை வந்து மீன்குழம்பு வச்சிருக்காங்க. உங்கள வையிதாங்க. வைஞ்சிக்கிட்டே வைக்கிற குழம்பு உங்க குழம்ப விட நல்லா இருக்குதுன்னு அப்பா சொல்லுதாங்க."

சொல்லட்டும்.

9 ஜூலை, புதன்

மதருக்கு இன்று தபாலில் போட்ட கடிதத்தின் நகல்:

மதிப்பிற்குரிய மதர் அவர்களுக்கு, வியாகுலபுரம் முடங்கினோர் இல்லத்திலிருந்து செலின் யாகப்பன் எழுதுவது.

என் மகள் ஸ்டெனிலா பெயரில் வந்த விண்ணப்பத்தைத் தள்ளிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அவள் அதில் பயத்தில் கையெழுத்துப் போட்டாள். பயத்தில் வருகிற பிள்ளை உங்களுக்கும் வேண்டாம், மாதாவுக்கும் வேண்டாம். அவள் படிக்கப் போகிறாள். இந்த வருஷம் இடம் கிடைக்காவிட்டாலும் திரும்ப எழுதுவாள், இங்கே வரமாட்டாள்.

அவளுக்குப் பதிலாக நான் வந்திருக்கிறேன். எனக்கு வயது நாற்பத்திரண்டு. கல்யாணமாகி ஒரு வீட்டை நடத்தியவள். உங்கள் விதிப்படி இரண்டும் குறை. இங்கே கட்டிலில் இருக்கிறவர்கள் இதுவரை என் வயதைக் கேட்கவில்லை. மிக்கேலம்மாள் மட்டும், "நாளைக்கும் இருப்பியா?" என்று கேட்டார். இருப்பேன் என்று சொல்லிவிட்டேன். அதற்கு உங்களிடம் அனுமதி கேட்காதது என் தவறுதான்.

கடனுக்காக வந்தேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் மட்டும் அப்படி எழுத வரவில்லை. இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் அடித்துவிட்டேன். எனக்கு இங்கே இருக்க வேண்டும்.

வேண்டாம் என்று எழுதினாலும் ஏன் என்று எழுதுங்கள், நான் திரும்பவும் கேட்பேன். வேண்டும் என்றால் வீட்டில் பால்காரரிடம் அரை லிட்டர் குறைக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகையால் தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.